கவிதைத் தொகுப்புக்குச் செம்மையாளரைத் தேடும்போது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்து, தமிழ்ப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பல ஆண்டுகளாக எழுதிய 140 கவிதைகளை நூலாக்க விரும்புகிறார். அச்சகத்தார் பிழைதிருத்தமும் சேர்த்தே செய்து தருவதாகச் சொல்கிறார்களாம். நண்பர்களோ பெயர் பெற்ற கவிஞர் ஒருவரிடம் அணிந்துரை வாங்கினால் போதும் என்கிறார்களாம். கவிதைக்கென்று தொழில்முறைச் செம்மையாளர் கிடைப்பாரா, எங்கே தேடுவது, எவ்வளவு கொடுப்பது, தம் எழுத்தை அவர் மாற்றிவிட மாட்டாரா என்பவை அவருடைய கேள்விகள்.

அம்மா, அச்சகத்தார் சொல்வது ஒரு வேலை, நண்பர்கள் சொல்வது இன்னொரு வேலை, நீங்கள் தேடுவது மூன்றாவது வேலை. பிழைதிருத்துநர் ஒற்றுப்பிழையையும் எழுத்துப்பிழையையும் பார்ப்பார். ‘வேலைக்குப் போனாள்’ என்பதில் வல்லெழுத்து விடுபட்டிருந்தால் சேர்ப்பாரே தவிர, அந்த வரி கவிதைக்குத் தேவையா என்று கேட்கமாட்டார். அணிந்துரை எழுதுபவர் முடிந்துபோன நூலை வாசகருக்கு அறிமுகப்படுத்துகிறவர். அவரிடம் குறை கேட்பது அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். செம்மையாளரின் வேலை இவை இரண்டுக்கும் முன்னால் வருவது. 140 கவிதைகளில் எவற்றை விடலாம், எஞ்சியவற்றை எந்த வரிசையில் வைக்கலாம், எந்தக் கவிதை தன் கடைசி இரண்டு வரிகளால் கெடுகிறது என்பவற்றை அவர் சொல்வார். சொல்வதோடு நிற்பார், மாற்றி எழுதுவது உங்கள் வேலை. கவிதையைத் தாமே திருத்தி எழுதித் தருகிறவர் எவ்வளவு பெரிய புலவராயினும் உங்களுக்கு ஏற்றவர் அல்லர்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். இதை நானே இட்டுக்கட்டினேன்:

இருட்டில் பெரட்டு முடிந்து
காண்டாக் கம்பைத் தோளில் வைத்தாள் அம்மா
காலி வாளியே கனத்தது
ஏழையின் வாழ்வு என்றும் பாரமே

மூன்றாவது வரி சொல்லிவிட்டதை நான்காவது வரி எதற்காக மறுபடியும் சொல்கிறது என்று கேட்பவர் செம்மையாளர். ‘பெரட்டு’ என்பதை ‘வருகைப் பதிவு’ என்றும் ‘காண்டாக் கம்பு’ என்பதைக் ‘காவுதடி’ என்றும் மாற்றித் தருகிறவரிடம் தொகுப்பை ஒப்படைக்காதீர்கள். தமிழ்நாட்டில் நல்ல செம்மையாளர்கள் இருக்கிறார்கள்; ஆனால் ஒட்டுப்பாலும் (ரப்பர் மரத்தில் உறைந்து ஒட்டிய பால்) கிராணியும் (தோட்ட எழுத்தர்) தோட்டத் துண்டாடலும் (பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாக்கி விற்றது) அவர்களுக்குக் கேள்விப்பட்ட செய்திகளாகக்கூட இல்லாமல் இருக்கலாம். உங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் 1948 ஜூன் 16ஆம் நாள் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதையும், அதையடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டதையும் குறிப்பால் உணர்த்தும் ஒரு கவிதை தொகுப்பில் இருந்தால், அதைப் புரியாத வரி என்று வெட்டச் சொல்பவரும் உண்டு, அதற்கு அடிக்குறிப்பு வேண்டுமா வேண்டாமா என்று உங்களோடு வாதிடுபவரும் உண்டு. இரண்டாமவரே வேண்டும். ஆகவே முதலில் மலேசியாவுக்குள்ளேயே தேடுங்கள் என்பது என் கருத்து.

எங்கே தேடுவது என்றால், ‘கவிதைச் செம்மையாளர்’ என்று பலகை மாட்டிக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்கமாட்டார்கள். அண்மையில் இங்கே வெளிவந்த தொகுப்புகளில் உங்களுக்குப் பிடித்த நான்கைந்தை எடுத்து, பதிப்புக் குறிப்புப் பக்கத்தையும் நன்றியுரையையும் வாசியுங்கள். யார் படித்துப் பார்த்தார், யார் தேர்ந்தெடுத்தார் என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கோலாலம்பூரில் உள்ள மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கம், வல்லினம் போன்ற இலக்கியக் குழுக்கள், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை, உங்களுக்குச் சற்று அருகில் தஞ்சோங் மாலிமில் தமிழ் கற்பிக்கும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் விசாரித்தால் பெயர்கள் கிடைக்கும். நாளிதழ்களின் ஞாயிறு பதிப்பில் கவிதைப் பக்கம் பார்த்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றுபோனாலும், அத்தகைய பக்கங்களில் வாராவாரம் வந்து குவிந்த கவிதைகளிலிருந்து சிலவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துப் பழகிய கண்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. பட்டத்தைவிட அந்தப் பழக்கத்தையே நான் மதிப்பேன்.

உங்கள் தொகுப்பில் வெண்பாவோ விருத்தமோ இருந்தால் யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம், அறிந்தவர் தனியாகத் தேவை. காய்ச்சீரை அடுத்து நேரசை வரவேண்டிய இடத்தில் நிரையசை வந்தால் கலித்தளை தட்டி வெண்பா கெடும். புதுக்கவிதையில் தேர்ந்தவர் இதைக் கவனிக்காமலே போகக்கூடும். சீரும் சீரும் இணையும் முறையான தளை சரியா என்பதை அவலோகிதம் என்னும் யாப்பு மென்பொருளில் நீங்களே இட்டுப் பார்த்துவிடலாம், அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். ஒற்றுப்பிழைகளுக்கும் ‘நாவி’ என்னும் சந்திப்பிழை திருத்தி ஓரளவு உதவும். செம்மையாளருக்குக் கொடுக்கும் வெள்ளி (ரிங்கிட்), கருவி செய்ய முடியாத வேலைக்குப் போகட்டும்.

ஒருவரை முடிவு செய்வதற்கு முன் சோதனைப் பகுதி ஒன்றைக் கொடுங்கள். ஐந்து கவிதைகள் போதும்: நீங்கள் மிகச் சிறந்தது என்று நம்புவது ஒன்று, உங்களுக்கே ஐயமுள்ளது ஒன்று, தோட்டச் சொற்கள் நிறைந்தது ஒன்று, நீளமானது ஒன்று, நெருங்கியவரின் மறைவைப் பற்றியதோ வேறு வகையில் உங்கள் மனத்துக்கு அருகிலுள்ளதோ ஒன்று. எது எந்த வகை என்று சொல்லாதீர்கள். இருவரிடம் அதே ஐந்தையும் கொடுத்து, அந்தச் சிறு வேலைக்கும் கூலி கொடுத்துவிடுங்கள். இலவசமாகச் செய்தவரிடம் பிறகு ‘வேண்டாம்’ என்று சொல்ல நமக்கு வாய் வராது. திரும்பி வரும் தாள்களில் புகழ்ச்சி மட்டும் இருந்தால் அவர் உங்களை மதிக்கிறார், கவிதையைப் படிக்கவில்லை என்று பொருள். எல்லா வரிகளிலும் சிவப்பு மை இருந்தால் அவர் தம் கவிதையை எழுதுகிறார். சில இடங்களில் கேள்வியும், சில இடங்களில் காரணத்தோடு ‘இதை நீக்கலாம்’ என்ற குறிப்பும், எங்கேனும் ‘இதைத் தொடவேண்டாம்’ என்ற ஒரு சொல்லும் இருந்தால் அவரோடு மேலே பேசலாம். நீங்கள் நம்பிய கவிதையை அவர் பலவீனமானது என்று சொன்னால் கோபம் வரும். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் படித்துப் பாருங்கள்.

கட்டணத்துக்கு நிலையான விலைப்பட்டியல் கிடையாது. உரைநடைக்கு வழங்கும் பக்கக் கணக்கைக் கவிதைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆறு வரிக் கவிதையும் ஒரு பக்கம், முப்பது வரிக் கவிதையும் ஒரு பக்கம் என்றாகிவிடும். தொகுப்பு முழுவதற்கும் ஒரு தொகை பேசி, எத்தனை முறை படிப்பார், வரிசைப்படுத்துவது அதில் அடங்குமா, எப்போது முடித்துத் தருவார் என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். முன்பணமாகப் பாதி கொடுப்பது நியாயம். தெரிந்தவர்தானே, தாள் எதற்கு என்று நினைக்கவேண்டாம். தெரிந்தவரோடு மனக்கசப்பு வராமல் இருக்கத்தான் தாள்.

கவிதைகள் களவு போய்விடுமோ என்ற அச்சம் பலருக்கும் உண்டு. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவருக்கே உரிமை. ஆயுட்காலம் முழுவதும், அதன்பின் 50 ஆண்டுகளும் அது நீடிக்கும். எழுத்து மூலமாக நீங்கள் உரிமையை மாற்றிக் கொடுத்தாலன்றிச் செம்மையாளருக்கு அதில் பங்கு வராது. கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் நாளும் நேரமும் பதிவாகிவிடும், அந்த அளவு முன்னெச்சரிக்கை போதும்.

கையெழுத்துப் படிகளைத் தட்டச்சு செய்யும்போது யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்துங்கள். பழைய எழுத்துருக்களில் பக்கம் அமைக்கும் அச்சகங்கள் இன்னும் உள்ளன. மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறுவதுண்டு. அதைவிடப் பெரிய தொல்லை வரிமுறிவு: பக்க அகலத்துக்குள் அடங்காத நீண்ட வரி தானாக மடிந்து, புதிய வரிபோலத் தோற்றம் தரும். ஆகவே அச்சுக்குப் போகும் பக்கங்களைச் செம்மையாளர் ஒரு முறை பார்த்துத் தரவேண்டும் என்பதையும் அந்தத் தாளில் சேர்த்துவிடுங்கள். அச்சகத்தாரின் பிழைதிருத்தத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.