வாட் பூ: கருவறைக்குப் பின்னால்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் லாவோஸில் வாட் பூ சிவன் கோயிலுக்குப் போனேன். மூச்சு வாங்க மலைப்படி ஏறினால், கருவறையில் லிங்கம் இல்லை, புத்தர்தான் இருக்கிறார். நம் கோயில் பறிபோனதாகத் தோன்றி மனம் கனத்துவிட்டது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எம்.

அன்புள்ள எம்.,

கருவறைக்குப் பின்னால் போனீர்களா? கடிதத்தில் ஒரு வரியும் இல்லாததால் கேட்கிறேன். அங்கே பாறையடியில் ஓர் ஊற்று சுரக்கிறது. அந்த நீரைக் கல் வாய்க்காலில் உள்ளே கொண்டுவந்து லிங்கத்தின் மேல் ஓயாமல் விழும்படி செய்திருந்தார்கள். குடம் சுமக்க ஆள் வேண்டியதில்லை, மலையே அபிஷேகம் செய்தது.

உச்சியைப் பார்த்தீர்களா? பூ காவ் மலையின் தலையில் இயற்கையாகவே ஒரு பாறை லிங்கம்போல் நிற்கிறது. லிங்கபர்வதம் என்பதுதான் கல்வெட்டுகளில் அந்த மலையின் பெயர். கீழே மீகாங் கரையில் 5ஆம் நூற்றாண்டிலேயே ஒரு நகரம் இருந்தது. நீங்கள் பார்த்த கட்டடங்களோ பெரும்பாலும் 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரையிலான, கம்போடியாவின் க்மெர் அரசர்கள் காலத்தவை. மலையைக் கும்பிட்டது முதலில், கோயில் எழுந்தது பிறகு. திருவண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உள்ளே லிங்கம் இல்லாதது இழப்புதான், மறுக்கவில்லை. ஆனால் மூலவர், அடிவாரக் குளக்கரையில் நின்று நிமிர்ந்தாலே தெரிகிற உயரத்தில் இருக்கிறார்.

பறிபோனதாக எனக்குத் தோன்றவில்லை. சிவனைக் கும்பிட்ட க்மெர் சமூகமே மெல்லத் தேரவாத பௌத்தத்துக்கு மாறியது. பிறகு வந்த லாவோ மக்கள் அந்தப் பௌத்த வழிபாட்டைத் தொடர்ந்தார்கள். சிற்பங்களில் கம்சனைக் கொல்லும் கிருஷ்ணனையும் ஐராவதத்தில் வரும் இந்திரனையும் யாரும் பெயர்த்து எறியவில்லை. பின்பாறையில் மும்மூர்த்திகள் அப்படியே இருக்கிறார்கள். ஊற்று நீரை இன்றும் புனிதமாக நினைத்துத் தலையில் தெளித்துக்கொள்கிறார்கள். விளக்கேற்ற ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் நம்மூர்ப் பழங்கோயில்களை நினைத்தால்தான் எனக்கு மனம் கனக்கிறது. (இதற்குக் கோபமாகச் சில கடிதங்கள் வரும். வரட்டும்.)

மறுபடி போவதானால் பௌர்ணமித் திருவிழாவுக்குப் போங்கள், பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். கிழக்கு பார்த்த கோயில் என்பதால் காலை வெயில் நேராக விழும். விடிந்ததும் ஏறிவிடுங்கள். படியோரம் நிற்கும் ஈழத்தலரி மரங்களின் நிழலை நம்ப வேண்டாம்; வறண்ட காலத்தில் அவை பெரும்பாலும் இலை உதிர்த்து நிற்கும்.