காஷ்மீர்க் கைதுகள்: கேட்டவர்களுக்கு என் பதில்

2025 ஏப்ரலில் நடந்த பஹல்காம் படுகொலைக்குப் பிறகு காஷ்மீரைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ராணுவத்தில் இருந்தபோது பூஞ்ச், ரஜௌரி மாவட்டங்களில் இரண்டு முறை பணியாற்றியிருக்கிறேன். ஓய்வு பெற்றபின் சட்டம் படித்து வேலூரில் வக்கீலாக இருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

“ஓ.ஜி.டபிள்யூ. கைது” என்று டிவியில் அடிக்கடி ஓடுகிறதே, அவர்களும் பயங்கரவாதிகள்தானா சார்?

ஓவர் கிரவுண்ட் ஒர்க்கர் என்பதன் சுருக்கம் அது. துப்பாக்கி தூக்காமல், ஊருக்குள் சாதாரண ஆளாக இருந்துகொண்டே உதவி செய்கிறவர். சோறு போடுவது, சிம் கார்டு வாங்கித் தருவது, மலையில் வழி காட்டுவது, பணம் கைமாற்றுவது, ராணுவ வண்டி எப்போது கிளம்புகிறது என்று தகவல் சொல்வது என எல்லாமே இதில் வரும். ஆனால் சட்டப் புத்தகத்தில் இப்படியொரு பெயரே கிடையாது. போலீஸும் ராணுவமும் வைத்துக்கொண்ட பெயர். கோர்ட்டுக்குப் போகும்போது அது யு.ஏ.பி.ஏ. என்ற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் ஏதாவது ஒரு பிரிவுக்குள் வந்தாக வேண்டும். அடைக்கலம் கொடுத்த வழக்கென்றால் 19வது பிரிவு. 3 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை.

அந்தப் பிரிவில் இரண்டு நிபந்தனைகள் உண்டு. வந்தவன் பயங்கரவாதி என்று தெரிந்திருக்க வேண்டும். தானாக விரும்பி இடம் கொடுத்திருக்க வேண்டும். நடைமுறையில் சிக்கலே இங்குதான். கோடையில் ஆடு மேய்க்க மலையேறும் குஜ்ஜர், பக்கர்வால் மக்கள் ‘டோக்’ என்ற மண் குடிசைகளில் தங்குவார்கள். பக்கத்துக் குடிசையே அரை மணி நேர நடை. நள்ளிரவில் ஏ.கே. 47 வைத்திருப்பவன் கதவைத் தட்டி ரொட்டி கேட்டால், கொடுக்காமல் என்ன செய்வார்கள்? காலையில் எங்களிடம் வந்து சொல்லவும் பயம். சொன்னது வெளியே தெரிந்தால் மறுநாள் இரவு உயிர் மிஞ்சாது. பயந்து கொடுத்தவரையும் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தவரையும் பிரித்தறிவதில்தான் விசாரணை அதிகாரியின் திறமை இருக்கிறது.

இன்னொன்று. ஒளித்துவைத்தவர் கணவனோ மனைவியோ என்றால் 19வது பிரிவு பொருந்தாது. பெற்ற மகனுக்குச் சோறு போட்ட தாய்க்கு அந்த விலக்கு இல்லை. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எதற்குக் கைது, எதற்கு கோர்ட், எதற்கு நம் வரிப்பணத்தில் சோறு? பார்த்த இடத்திலேயே சுட்டுத் தள்ள வேண்டியதுதானே அண்ணே?

தம்பி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. கூட வேலை செய்தவர்களைப் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பியவன் நான். துப்பாக்கியால் சுடுகிறவனைத் திருப்பிச் சுடத்தான் வேண்டும், அதில் பேச்சே இல்லை. சரணடைந்தவனையும் சந்தேகத்தில் பிடித்தவனையும் சுடுவது வேறு. அதனால் என்ன ஆகும் என்று கேட்டால் பத்ரிபல் பற்றிப் படியுங்கள் என்பேன்.

2000 மார்ச் 20 அன்று அனந்த்நாக் மாவட்டத்தின் சிட்டிசிங்புரா கிராமத்தில் சீக்கியர்கள் 35 பேரை வரிசையாக நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். ஐந்தே நாளில் பத்ரிபல் என்ற இடத்தில் 5 பேர் ராணுவத்தால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தப் படுகொலையைச் செய்த வெளிநாட்டுத் தீவிரவாதிகள் அவர்கள்தான் என்று அறிவிக்கப்பட்டது. நாடே நிம்மதி அடைந்தது. பக்கத்து ஊர்களில் சிலரைக் காணோம் என்று உறவினர்கள் அழுதுகொண்டு வந்தார்கள். நியாயம் கேட்டு ஊர்வலம் போனவர்கள் மீதும் துப்பாக்கிச் சூடு நடந்தது. உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். முதலில் அனுப்பிய டி.என்.ஏ. மாதிரிகளிலேயே தில்லுமுல்லு. மறுபடி சோதித்தபோது இறந்த ஐவரும் உள்ளூர்க்காரர்கள் என்று உறுதியானது. 2006-இல் சி.பி.ஐ. ராணுவத்தினர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. 2014 ஜனவரியில் போதிய ஆதாரம் இல்லை என்று ராணுவம் வழக்கை மூடிவிட்டது. என் ராணுவம் அது. அந்த முடிவை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

இதில் இன்னொரு இழப்பும் உண்டு. கணக்கு தீர்ந்தது என்று நினைத்த அந்த நாட்களில் உண்மையான கொலைகாரர்களின் தடம் ஆறிப்போனது. அந்த 35 பேரின் குடும்பங்களுக்கும் இன்றுவரை நீதி கிடைக்கவில்லை.

இப்போது பஹல்காமைப் பாருங்கள். 2025 ஏப்ரல் 22, பைசரன் புல்வெளியில் 26 பேர் பலி. ஜூன் மாதம் தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ. இரண்டு பேரைக் கைது செய்தது. தாக்குதலுக்கு முன் கொலையாளிகளுக்கு டோக்கில் இடமும் சோறும் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வந்தவர்கள் யார் என்ற விவரம் அவர்களிடமிருந்து கிடைத்ததாக என்.ஐ.ஏ. சொன்னது. ஜூலை 28 அன்று ஸ்ரீநகரை ஒட்டிய டாச்சிகாம் காட்டில் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, “இவர்கள்தான்” என்று வெறுமனே அறிவித்துவிட்டுப் போகவில்லை. அடைக்கலம் கொடுத்ததாகப் பிடிபட்டவர்களைக் கொண்டு உடல்களை அடையாளம் காட்டச் செய்தார்கள். கிடைத்த துப்பாக்கிகளை சண்டிகர் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், பைசரனில் பொறுக்கிய தோட்டா உறைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நாடாளுமன்றத்தில் உள்துறை அமைச்சரே விளக்கிய விவரம் இது. உயிரோடு இரண்டு பேர் கையில் இருந்ததால்தானே அடையாளம் சொல்ல ஆள் கிடைத்தது? யோசித்துப் பாருங்கள் தம்பி.

பி.எஸ்.ஏ., யு.ஏ.பி.ஏ. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? (சட்டக் கல்லூரி மாணவி, மதுரை)

நம் ஊர் குண்டர் சட்டம் தெரியுமல்லவா? பி.எஸ்.ஏ. என்ற ஜம்மு காஷ்மீர் பொதுப் பாதுகாப்புச் சட்டமும் அதே குடும்பம். குற்றம் செய்ததற்காக இல்லை, செய்துவிடக்கூடும் என்பதற்காக உள்ளே வைப்பது. மாவட்ட ஆட்சியரோ கோட்ட ஆணையரோ கையெழுத்துப் போட்டால் போதும். அரசின் பாதுகாப்பு என்ற காரணம் காட்டினால் விசாரணையே இல்லாமல் 2 ஆண்டு வரை வைக்கலாம். 1978-இல் ஷேக் அப்துல்லா அரசு மரக் கடத்தல்காரர்களைக் காட்டிக் கொண்டுவந்த சட்டம். 2019 செப்டம்பரில் அவருடைய மகன் ஃபரூக் அப்துல்லாவே அதில் அடைக்கப்பட்டார். அடுத்த பிப்ரவரியில் பேரன் உமரும் மெஹபூபா முஃப்தியும். முன்னாள் முதலமைச்சர்களுக்கே இந்தக் கதி என்றால் குப்வாராவில் பெயர் தெரியாத ஒரு பையன் நிலை என்ன? உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். போட வக்கீலும் பணமும் வேண்டும்.

யு.ஏ.பி.ஏ. முறையான குற்ற வழக்கு. எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, சாட்சி எல்லாம் உண்டு. ஆனால் குற்றப்பத்திரிகைக்கு 180 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். 43டி(5) பிரிவின்படி, குற்றச்சாட்டுக்கு முகாந்திரம் உள்ளது என்று நீதிமன்றத்துக்குத் தோன்றினாலே ஜாமீன் கிடையாது. விசாரணை வருடக்கணக்கில் இழுத்தால் அரசியல் சாசன நீதிமன்றங்கள், அதாவது உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும், ஜாமீன் தரலாம் என்று 2021-இல் கே.ஏ. நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை முழுதாக வாசியுங்கள் அம்மா, தேர்வுக்காக மட்டும் வாசிக்காதீர்கள்.

பஹல்காமுக்குப் பிறகு தீவிரவாதிகளின் வீடுகளை வெடி வைத்துத் தகர்த்தார்களே, சரிதானே?

சரியில்லை. தேடப்படுபவன் மலையிலோ எல்லைக்கு அப்பாலோ இருப்பான். தெருவில் நிற்பது அவன் அம்மாவும் தங்கச்சியும். குற்றம் சாட்டப்பட்டதற்காக வீட்டை இடிக்கக் கூடாது என்று 2024 நவம்பரில்தான் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது.

எங்கள் தெருவில் குளிர்காலத்தில் சால்வை விற்கும் காஷ்மீரிகள் வருகிறார்கள். உள்ளே விடவே பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள். பைசரனில் இறந்த 26 பேரில் ஒருவர் உள்ளூர்க் குதிரைக்காரர், முஸ்லிம். சுற்றுலா வந்தவர்களைக் காப்பாற்றப் போய் குண்டடி பட்டவர். அந்த வாரம் பள்ளத்தாக்கு முழுக்கக் கடையடைத்துத் துக்கம் அனுசரித்தார்கள். அதே நாட்களில் வடமாநிலங்களில் படித்துக்கொண்டிருந்த காஷ்மீர் மாணவர்களை அடித்து விரட்டினார்கள். நம் ஊரில் அது வேண்டாம். சால்வை பிடித்திருந்தால் பேரம் பேசி வாங்குங்கள்.

என் மகன் பூஞ்சில் இருக்கிறான். காஷ்மீர் அமைதியாகிவிட்டது என்கிறார்கள், ஜம்மு பக்கம்தான் ஆபத்து என்கிறார்கள். எது நிஜம் ஐயா? (ஒரு தாய், திருவண்ணாமலை)

அம்மா, மறைக்காமல் சொல்கிறேன். ஜம்மு பக்கம் இருக்கும் பூஞ்ச், ரஜௌரி நெடுங்காலம் ஓரளவு அமைதியாக இருந்தது. 2021 அக்டோபரிலிருந்து அங்கே மறுபடி பதுங்கித் தாக்குகிறார்கள். பீர் பஞ்சால் மலைத்தொடரில் அடர்ந்த காடு, இயற்கைக் குகைகள். நான்கைந்து பேர் மாதக்கணக்கில் ஒளிந்திருக்க முடியும்.

அங்கே ராணுவத்தைக் காப்பாற்றுவது மலைவாழ் மக்களின் தகவல்தான். 2003-இல் பூஞ்ச் மாவட்டத்தின் சூரன்கோட் பக்கம் ஹில்காகாவில் தீவிரவாதிகளின் முகாம்களை அழித்தபோது குஜ்ஜர் மக்களே துணை நின்றார்கள். 2023 டிசம்பரில் 4 வீரர்கள் கொல்லப்பட்ட மறுநாள், டோபா பீர் கிராமத்தில் விசாரணைக்குக் கூட்டிப்போன மூன்று பேர் ராணுவக் காவலில் இறந்தார்கள். அந்த மலையில் அடுத்த முறை யார் நம்மிடம் வந்து பேசுவார்கள்? மக்களை மரியாதையாக நடத்துகிற வீரன் உங்கள் மகனாக இருந்தால், அவனுக்கும் அவன் கூட இருப்பவர்களுக்கும் அதுவே பெரிய கவசம். போனில் பேசும்போது இதைச் சொல்லுங்கள்.

முகாம் இருக்கும் இடம், ரோந்து நேரம் எதையும் அவனிடம் கேட்காதீர்கள். அனுப்பும் படங்களை சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். இரண்டு மூன்று நாள் போன் வரவில்லை என்றால் மலையில் டவர் இல்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். என் அம்மாவும் அப்படித்தான் போனுக்குப் பக்கத்திலேயே படுத்திருப்பார்.