கை நீட்டுங்கள், தம்பி

அன்புள்ள அம்மாவுக்கு,

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் தனியாக இருக்கிறேன். பிள்ளைகள் சிங்கப்பூரில். கோயில் அன்னதானத்துக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் என்னால் ஆனதைக் கொடுக்கிறேன். இதுவரை யாரிடமும் கை நீட்டியதில்லை. அடுத்த வாரம் கண் சிகிச்சைக்காக ஈப்போ போகக்கூட டாக்சிதான் பேசியிருக்கிறேன். ஆனாலும் மனம் வெறுமையாக இருக்கிறது. பிறரிடம் இரக்கம் காட்டினால் மகிழ்ச்சி வரும் என்கிறார்களே, உண்மையா? தியானம் பழகலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

தியானம் பிடித்தால் பழகுங்கள். கொடுப்பதில் மகிழ்ச்சி உண்டா என்றால், உண்டு. கனடாவில் சிலரிடம் 5 டாலரோ 20 டாலரோ கொடுத்து, அன்று மாலைக்குள் செலவழிக்கச் சொன்ன ஓர் ஆய்வு 2008இல் வெளிவந்தது. பிறருக்காகச் செலவழித்தவர்களே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள்.

என்னை உறுத்துவது வேறு. ‘யாரிடமும் கை நீட்டியதில்லை’ என்பதைப் பதக்கம்போல் குத்திக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் நோயே அதுதான்.

நான் பிறந்தது உங்கள் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். ஒருமுறை அம்மா காய்ச்சலில் பத்து நாள் படுத்துவிட்டார். பெரட்டுக்கு, அதாவது விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அடுத்த வீட்டு அக்கா, கைக்குழந்தையைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, இருட்டிலேயே நெற்றி விளக்கோடு போய் அம்மாவின் நிரையில் இருந்த மரங்களையும் சேர்த்துச் சீவினார். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் கண்டும் காணாததுபோல் இருந்தார். பால் அம்மாவின் பெயரில் நிறுக்கப்பட்டது.

அப்பா மானஸ்தர். கடன் நிற்கக்கூடாது என்று மூன்று வெள்ளியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். அக்கா வாங்கவில்லை. “அப்படியானால், நாளைக்கு நான் படுத்தால் உங்களைக் கூப்பிடக் கூடாதா, அண்ணே?” என்று கேட்டு அழுதுவிட்டார். வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

நீங்களும் அந்த மூன்று வெள்ளியோடுதான் நின்றுகொண்டிருக்கிறீர்கள், தம்பி. கொடுத்துக்கொண்டே இருப்பவருக்குக் கோயில் மேடையில் மாலை போடுவார்கள். அவர் வீட்டு வாசலில் எவருடைய செருப்பும் கிடக்காது. உங்களிடம் வாங்கியவர்களுக்கும் மானம் உண்டு. அவர்கள் உங்களுக்கு ஒன்று செய்ய வழியே விடாமல் வைத்திருப்பதா இரக்கம்?

அமைச்சராக இருந்த உங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தனையே எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, சனங்கள் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்த நேரத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். யாரிடம் பணம் கேட்டார்? பால்மரம் சீவியவர்களிடம், மாதம் பத்து வெள்ளி. ஏழைகளிடம் கேட்பதா என்று அவர் கூசியிருந்தால், அந்தத் தொழிலாளர்கள் ஒரு தோட்டத்துக்கும் உரிமையாளர்களாகியிருக்க மாட்டார்கள்.

உங்கள் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. அந்த டாக்சியை வேண்டாமென்று சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தமிழரோ சீனரோ மலாய்க்காரரோ, கதவைத் தட்டி, ஈப்போ வரை கொண்டுபோய்விட முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் அதற்கடுத்த வீட்டில் கேளுங்கள். திரும்பி வந்ததும் பெட்ரோலுக்கென்று பணத்தை எடுத்து நீட்டிவிடாதீர்கள்.