மேல்நிலைத் தொட்டிக்கு சென்சார்: சிம் வேண்டாம்

மூன்று தொட்டியில் ஒன்று நிரம்பி வழிகிறது, கடைசித் தெருவுக்குத் தண்ணீரே ஏறவில்லை, நீர்மட்டம் பார்க்க சிம் போட்ட சென்சார் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிம் வேண்டாம் நண்பரே, மாதாமாதம் யார் ரீசார்ஜ் செய்வது? லோரா போதும், அது சிம் இல்லாமலே தூரத்துக்குத் தகவல் அனுப்பும் ரேடியோ முறை, இந்தியாவில் அதற்கான 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் வாங்க வேண்டியதில்லை, பேட்டரியும் ரொம்ப நாள் தாங்கும். ஒலி அனுப்பி எதிரொலியை வைத்து நீர்மட்டம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரில் நீர்புகாத வகையாகப் பார்த்து வாங்குங்கள், ஹெச்சி-எஸ்ஆர்04 என்கிற மாடல் மலிவுதான், ஆனால் தொட்டி மூடிக்கு அடியில் வியர்க்கிற ஈரத்தில் சீக்கிரம் போய்விடும். நீர்புகாத ஜேஎஸ்என் வகையிலும் ஒரு தொல்லை, சுமார் 20 செ.மீ.க்குள் வந்த தண்ணீரை அது சரியாக அளக்காது, அதனால் நிரம்பும் மட்டத்துக்கு மேலே கொஞ்சம் உயர்த்தி மாட்டுங்கள். அப்புறம், சென்சார் வால்வைத் திருப்பாது. எச்சரிக்கை சங்கத் தலைவர் போனுக்கு இல்லை, வால்வு திறக்கிறவர் போனுக்குப் போகட்டும்.