பங்களாதேஷில் வருடா வருடம் புயலும் வெள்ளமும் வந்தும் கரையோர மக்கள் ஏன் வேறு இடத்துக்குப் போவதில்லை?

செய்தியில் வெள்ளப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் போல. போகவில்லை என்று யார் சொன்னது? அப்படிப் போனவர்களோடுதான் நான் 3 வருடம் வேலை பார்த்தேன்.

எனக்குத் திருப்பூர். 2018 கடைசியில் டாக்கா பக்கம் காஜிப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் குவாலிட்டி பார்க்கப் போனேன். என் லைனில் இருந்த ஒரு பொண்ணுக்குச் சாத்கிரா மாவட்டம், சுந்தரவனக் காட்டை ஒட்டின கிராமம். 2009 மே மாதம் அய்லா புயலில் மண்கரை உடைந்து வயலெல்லாம் கடல் தண்ணீர். கரையை அடைக்கவே இரண்டு வருடத்துக்கு மேல் ஆனதாம். உப்பேறின மண்ணில் நெல் வரவில்லை. காசு இருந்தவர்கள் குத்தகைக்கு எடுத்து இறால் விட்டார்கள். நடவுக்கும் அறுப்புக்கும் ஊரே இறங்கின வயலில், இறாலுக்கு இரண்டு பேர் போதும். மற்றவர்கள் பஸ் ஏறினார்கள்.

அப்போது அங்கே குறைந்தபட்சச் சம்பளம் மாதம், அந்த நாட்டுப் பணத்தில், 8,000 டாக்கா. ரூம் வாடகை போக, ஊரில் கூரைக்குத் தகரம் போட அம்மா வாங்கின கடனுக்கு வாராவாரம் கிஸ்தி. நம் ஊர் மகளிர் குழுக் கடன் மாதிரிதான். புயலில் தகரம் பறந்துவிடும், கிஸ்தி நிற்காது.

ஒரு ஈத் லீவுக்கு முந்தின நாள், கேன்டீன் ஃபில்டரில் அந்தப் பொண்ணு 2 லிட்டர் பாட்டில்கள் இரண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில் குடிக்க இவ்வளவா என்று கேட்டேன். "மிஷ்டி பானி, அம்மாவுக்கு" என்றது. இனிப்புத் தண்ணீர் என்று அர்த்தம். நாம் நல்ல தண்ணீர் என்கிறோமே, அதுதான்.

கம்பெனி ஆள் நீலிக்கண்ணீர் வடிக்கிறான் என்று திட்ட வராதீர்கள். நானும் அங்கே சம்பளக்காரன்தான். என்னை அனுப்பின ஏஜென்ட் விசா செலவு என்று பிடித்த இரண்டு மாசச் சம்பளம் இன்றுவரை திரும்பவில்லை. போன் செய்தால் எடுப்பதே இல்லை. சரி, அது வேறு கதை.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்லவில்லை. 1970 புயலில் குறைந்தது 3 லட்சம் பேரைப் பறிகொடுத்த நாடு அது. 2020 மே மாதம் ஆம்பன் புயல் வந்தபோது, கொரோனாவுக்கு நடுவிலும், 20 லட்சத்துக்கு மேற்பட்டவர்களை முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். பங்களாதேஷில் அந்தப் புயலில் இறந்தவர்கள் சில பத்துப் பேர்தான். அந்தப் பொண்ணின் அம்மாவும் பிழைத்தார். தகரம் மறுபடி போனது.

வெளிநாட்டு ஆர்டர்கள் ரத்தாகி, எங்கள் லைன் பாதி நின்றிருந்த நேரம் அது. புயல் முடிந்த மூன்றாம் நாள் எனக்குப் போன் வந்தது. ஊரைப் பற்றி நான் கேட்கக் கேட்க, அந்தப் பொண்ணு ஓவர் டைம் எப்போது ஆரம்பிக்கும் என்றே திரும்பத் திரும்பக் கேட்டது.