வேதம் முழுதும் வாசித்தும் வாழ்க்கை மாறவில்லையே, ஏன்?

கேள்வி இதுதான்: தேயிலைத் தோட்ட வேலையோடு ஒரு வருடத்தில் வேதாகமத்தை முழுதும் வாசித்தாயிற்று, கோபமும் குடியும் கடைக் கடனும் அப்படியே இருக்கிறது, வசனம் மனிதனை மாற்றும் என்று சபையில் சொல்வது உண்மையா?

உண்மைதான். ஆனால் அதிகாரக் கணக்கில் அது நடக்காது. வேதாகமத்தின் 1189 அதிகாரத்தை ஒரு வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்றுக்கும் மேல் ஓட வேண்டும். ஜனவரி முடிவதற்குள் லேவியராகமத்தின் பலி விதிகளில் போய் நிற்பீர்கள். அதையும் தாண்டி முடித்தவர் பெரிய மனுஷர்தான். ஆனால் அந்த ஓட்டத்தில் எந்த வசனமும் உங்களை நிறுத்திக் கேள்வி கேட்டிருக்காது. கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே மறந்து போகிறவன் என்று யாக்கோபு முதல் அதிகாரத்தில் சொல்வது இந்த வாசிப்பைத்தான்.

இந்த வருடம் குறைத்து வாசியுங்கள். யாக்கோபு நிருபத்தில் மொத்தம் 108 வசனம். நாளுக்கு ஐந்து என்றால் 22 நாள். கோபம்தான் முதல் பிரச்சினை என்றால் எபேசியர் 4:25 முதல் 32 வரை எட்டே வசனம், அதிலேயே ஒரு வாரம் இருக்கலாம். இரவில் சத்தமாக இரண்டு தரம் வாசித்து, உறுத்துகிற ஒரு வரியைக் கையால் கொப்பியில் எழுதுங்கள். பிறகு மூன்று கேள்வி. யார் யாருக்குச் சொன்னது? என்ன செய்யச் சொல்கிறது? நாளைக்கு யாரிடம், எத்தனை மணிக்கு? மூன்றாவதில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். "இனிக் கோபப்பட மாட்டேன்" என்பது பதில் இல்லை. சூரியன் அஸ்தமிக்குமுன் எரிச்சல் தணியட்டும் என்ற வசனத்துக்குப் பதில், "நாளை வேலை விட்டதும், இருட்டுவதற்கு முன் பக்கத்துக் காம்பிரா அண்ணனோடு பேசுவேன்" என்பதுதான். வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு மனம் மாறியதை லூக்கா எப்படிக் காட்டுகிறார் பாருங்கள்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாய்த் திரும்ப. கண்ணீர் விட்டான் என்று ஒரு வார்த்தை கிடையாது.

நீதிமொழிகள் 11:1-ஐ எடுங்கள். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." சுமுத்திரை என்றால் இன்று யாருக்கும் புரியாது, அதனால் தாண்டிப் போகிறோம். குறையில்லாத சரியான எடை என்று அர்த்தம். கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஈரத்துக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிப்பது என்று முடிவெடுக்கிற கணக்கப்பிள்ளை கிறிஸ்தவராக இருந்தால், நாளை பின்னேரம் அவர் கை எங்கே நிற்க வேண்டும் என்று இந்த வரி சொல்லிவிடும். நிறுவைக்கு முன் கொழுந்தில் தண்ணீர் தெளிக்கிறவருக்கும் அதே வரிதான்.

இனி, கெடுகிற இடங்கள். புதுவருட ஆராதனையில் எடுக்கிற, ஒரு வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை ஒன்று. உங்களுக்குச் சமாதானமே நினைத்திருக்கிறேன் என்று கர்த்தர் சொல்கிற எரேமியா 29:11 வந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். அதற்கு முந்தின வசனத்தில் பாபிலோனில் எழுபது வருஷம் என்று இருப்பதை அட்டையில் அச்சடிப்பதில்லை. அந்த அதிகாரம் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற ஊரின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறது. முழுக் கடிதத்தையும் வாசித்தால் மலையகத்தாருக்கு அட்டையை விட நிறையக் கிடைக்கும்.

இன்னொன்று, சம்பள நாளில் குடித்துவிட்டு வந்து, மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற எபேசியர் 5:22-ஐ மனைவிக்கு ஓதுவது. 25-ஆம் வசனத்தில் புருஷனிடம் கேட்டிருப்பது அதைவிடப் பெரிது: கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோல மனைவியிடம் அன்புகூர வேண்டும். அடி விழுகிற வீட்டில் "பொறுத்துப் போ" என்பதற்கு வசனம் தேடிக் கொடுக்கிறவர்கள் வேதத்தைக் கெடுக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு முதலில் பாதுகாப்பான இடம் வேண்டும்.

அதிகாலை நாலு மணி தியானம் எல்லாருக்கும் பொருந்தாது. நாலு மணிக்கு எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளைகளை அனுப்பி, மலைக்கு ஏறுகிற அம்மாவுக்கு அதைச் சொல்வது அநியாயம். அவர் முந்தின இரவே ஒரு வரியைக் கேட்டு வைத்துக்கொண்டு கொழுந்து எடுக்கும்போது சொல்லிச் சொல்லிப் பார்க்கலாம். எழுத்துத் தெரியாவிட்டாலும் குறையில்லை. வெளிப்படுத்தல் 1:3-ல் வாசிக்கிறவன் ஒருவன்தான், கேட்கிறவர்கள் பலர். லயத்தில் பிள்ளை வாசிக்கட்டும், அல்லது போனில் ஒலி வேதாகமத்தைப் போடுங்கள்.

குடியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வருடக்கணக்காகத் தினமும் கசிப்போ சாராயமோ நிறையக் குடித்தவர், வசனத்தைக் கேட்டு ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுக்கம், வலிப்பு, புத்தித் தடுமாற்றம் வரலாம்; உயிருக்கே ஆபத்தாகலாம். அது பிசாசும் இல்லை, விசுவாசக் குறைவும் இல்லை. நிறுத்துவதற்கு முன்பே வைத்தியரிடம் போய், எத்தனை வருடம், நாளுக்கு எவ்வளவு என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஜெபிக்கிறவர்கள் கூடவே போகலாம், ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்தும் ஜெபிக்கலாம்.