ஏபிஎஸ் இருந்தும் பின்சக்கரம் வழுக்குவது ஏன்?

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு பைக்கில் இறங்கும்போது ஈரத்தில் பின்சக்கரம் லாக் ஆகி, அதாவது சுழலாமல் நின்று, வழுக்கியது, சக்கரம் லாக் ஆகாமல் தடுக்க வேண்டிய ஏபிஎஸ் கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். சாவி போட்டதும் எரியும் ஏபிஎஸ் விளக்கு வண்டி நகர்ந்ததும் அணைகிறதா? அப்படியானால் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் சொல்லும் மாடலில் இருப்பது சிங்கிள் சேனல் ஏபிஎஸ். முன்சக்கரத்தை மட்டும்தான் காக்கும். பிரேக் பிடித்ததும் எடை முன்னால் போகிறது, இறக்கத்தில் இன்னும் அதிகமாக. பின் டயருக்குப் பிடிமானம் குறைந்து சட்டென்று லாக் ஆகிவிடும்.

கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே, முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள். இரண்டாவது கியரில் இன்ஜினே பாதி வேலையைப் பார்க்கும். கால் பிரேக் லேசாகப் போதும். வண்டி சாய்ந்தபின் முன் பிரேக்கை இறுக்கினால் வளைவுக்கென்று தனி வசதி இல்லாத சாதாரண ஏபிஎஸ்ஸை நம்ப முடியாது. நியூட்ரலில் இறங்கி பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம். மறுபடி லாக் ஆனால், வால் ஒதுங்கும் முன்பே பெடலைத் தளர்த்துங்கள்.